காற்றோட்டமான இடத்தைத்தான் முதலில் பூட்டினோம்

ஏதாவது ஒரு புது வைரஸ் பெயர் செய்தியில் அடிபட ஆரம்பித்தால் போதும். எனக்கு இன்பாக்ஸில் வரும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"டாக்டர், பிள்ளைங்கள பார்க்குக்கு அனுப்பலாமா? பீச்சுக்குப் போலாமா?"

2025 ஜனவரியில் எச்எம்பிவி பரபரப்பு வந்தபோதும் இதே கேள்விதான். கேட்டவர்களில் ஒருவர்கூட "ஏசி ரூம்ல நடக்குற டியூஷனுக்கு அனுப்பலாமா" என்று கேட்கவில்லை. "ரிசப்ஷனுக்குப் போலாமா" என்றும் கேட்கவில்லை.

குறையாகச் சொல்லவில்லை. 2020ல் நாம் கண்ணால் பார்த்தது அப்படி. கொரோனா வந்ததும் பீச்சையும் பார்க்கையும் பூட்டினார்கள். திறக்கும்போது பீச்சைக் கடைசியில் திறந்தார்கள். அப்படியென்றால் ஆபத்து வெளியிலதான் இருக்கு, வீட்டுக்குள்ள இருந்தா பத்திரம் என்று மனதில் பதியத்தானே செய்யும்?

ஆனால் அந்த இரண்டு வருடங்களில் நோயைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிரானது. அடுத்த தொற்று வருவதற்குள் இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

முதலில் நோய் எப்படிப் பரவியது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஆரம்பத்தில் நமக்குச் சொல்லப்பட்டது பெரிய சளித்துளி, தொட்ட கை, தொட்ட பொருள். அதனால்தான் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவினோம். ரோட்டுக்கெல்லாம் பிளீச்சிங் கரைசல் அடித்தோம்.

கூடவே இன்னொரு வழி இருந்தது. பேசும்போதும் பாடும்போதும் சும்மா மூச்சு விடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள். இவை உடனே கீழே விழாது. மூடிய அறையில் சாம்பிராணி போட்டால் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புகை போய்ச் சேருமில்லையா, அதுபோல அறைக் காற்றில் மிதந்து சேர்ந்துகொண்டே போகும். அதே சாம்பிராணியை மெரினா மணலில் போட்டால்? பத்தடி தள்ளி நிற்பவருக்கு வாசனைகூடத் தெரியாது.

2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து "இது காற்று வழியாகவும் பரவுகிறது, கவனியுங்கள்" என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கக் குறிப்பில் இதைத் தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது.

ஆதாரங்கள் அதற்கு முன்பே இருந்தன. சீனாவின் குவாங்சோ நகரில் ஒரு ஏசி உணவகம். 2020 ஜனவரி. பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு மண்டபத்தில் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் 52 பேருக்கு அடுத்தடுத்த நாட்களில் நோய். இரண்டு பேர் இறந்தார்கள். (ஏற்கெனவே அறிகுறியோடு வந்தவர் ஒரே ஒருவர்!)

வெளியிடம் எப்படி? சீனாவில் ஹூபே மாகாணத்துக்கு வெளியே 2020 ஜனவரி, பிப்ரவரியில் வந்த 7,324 நோயாளிகளின் விவரங்களை எடுத்து, எங்கே தொற்றியது என்று ஒரு குழு ஆராய்ந்தது. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பாதிக்கப்பட்ட 318 கொத்துகளும் கட்டடம், வாகனம் போன்ற மூடிய இடங்களில்தான். வெளியில் நின்று பேசியதால் பரவியதாகக் கிடைத்தது ஒரே ஒரு சம்பவம். அதில் இரண்டு பேர்.

உடனே யாராவது "அப்போ குளிர்காலம், ஊரே வீட்டுக்குள்ளதானே இருந்திருக்கும்" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால் வெளியில் பரவவே பரவாது என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதன் பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் கை காட்டின. மூடிய அறையைவிட திறந்த வெளியில் ஆபத்து பல மடங்கு குறைவு.

இனி நம்ம ஊர்க் காலண்டரைப் பாருங்கள். எல்லாம் 2020.

மார்ச்சில் மெரினா மூடப்பட்டது. அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. மூடியதில் நான் தப்பே சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 18, சென்னையில் டாஸ்மாக் திறப்பு.
செப்டம்பர் 1, மால்கள் திறப்பு. (பூங்காக்களுக்கும் அன்றுதான் அனுமதி வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)
நவம்பர் 10, சினிமா தியேட்டர், 50 சதவீத இருக்கைகளோடு.
டிசம்பர் 14, மெரினா.

ஜன்னலே இல்லாத ஏசி தியேட்டரில் இரண்டரை மணி நேரம் உட்காரலாம். வங்கக் கடல் காற்று முகத்தில் அடிக்கிற மணலில் கால் வைக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கும் மேல் இப்படித்தான் இருந்தது. எப்போது திறப்பீர்கள் என்று உயர் நீதிமன்றமே கேட்கும் நிலைமை வந்தது.

2021ல் இரண்டாம் அலைக்குப் பிறகாவது மாறியதா என்றால், துணிக்கடையும் மாலும் ஜூலை 5க்குள் திறந்துவிட்டன. கடற்கரை ஆகஸ்ட் 23.

தியேட்டரை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, தெரியும். துணிக்கடைப் பெண்கள் பாவம், அதுவும் தெரியும். மெரினாவிலும் சுண்டல், பஜ்ஜி, பலூன், குதிரை என்று பிழைத்தவர்கள் இருந்தார்கள். எட்டு மாதம். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, டிவி விவாதத்தில் நாற்காலியும் இல்லை.

இதுவரை சொன்னதை விட முக்கியமானது அடுத்தது.

சென்னையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 கோடையில் வடசென்னையில் எனக்கு முகாம் டியூட்டி. ஒரு ஷாமியானா, இரண்டு பிளாஸ்டிக் டேபிள், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், வெப்பமானி, கபசுரக் குடிநீர் கேன்.

காய்ச்சலோடு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். மீன் விற்பவர். சாம்பிள் எடுத்துவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "ரிசல்ட் வர்ற வரைக்கும் தனி ரூம்ல இருங்கம்மா. வீட்ல யார்கிட்டயும் பக்கத்துல போகாதீங்க."

அவர் சிரித்தார். கோபமெல்லாம் இல்லை.

"தனி ரூமா? டாக்டரம்மா, என் வூடே ஒரு ரூமு. ஆறு பேரு. பகல்ல நாங்க யாரும் உள்ள இருக்க மாட்டோம். படுக்கத்தான் உள்ள போறது. இப்போ வாசல்ல குந்துனா போலீஸ்காரு உள்ள போ உள்ள போன்றாரு. நீங்க சொல்லுங்க, நான் எங்க போறது?"

அவருடைய மாமியார் எழுபது கடந்தவர். எதிரே ஒரு வீட்டின் படியைக் காட்டி, "பாட்டி காத்தால அதுல குந்துனா ராத்திரிதான் எந்திரிக்கும்" என்றார். ஊரடங்கு வந்த பிறகு பாட்டி உள்ளே. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு டேபிள் ஃபேன், மே மாத வெயில்.

அந்த அம்மாவுக்கு பாசிட்டிவ். பத்து நாட்களுக்குள் அந்த வீட்டில் இன்னும் நான்கு பேருக்கு. பாட்டி அட்மிட் ஆகி, ஜூன் மாதம் இறந்துபோனார்.

பாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி எப்படியும் எல்லோரும் ஒரே அறையில்தான் படுத்திருப்பார்கள். ஆனால் பகல் பன்னிரண்டு மணி நேரமும் அவரை அந்த அறைக்குள் தள்ளியது நோய்த்தடுப்பு என்ற பெயரில் என்பதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கும் நமக்குத் தெரு என்பது கடந்து போகிற இடம். ஒற்றை அறை வீட்டுக்காரருக்குத் தெருதான் ஹால். தண்ணி லாரி வருவது தெருவில். பிள்ளைகள் படிப்பது தெருவிளக்கில். பொதுக் கழிப்பறை தெருமுனையில். வயசானவர்கள் காற்று வாங்குவது வாசலில். "வெளியே வராதீங்க" என்ற ஒரே வரி நமக்கு ஒரு அர்த்தத்திலும் அவர்களுக்கு வேறு அர்த்தத்திலும் போய்ச் சேர்ந்தது. தகரம் அடித்து மூடிய தெருக்களில் கூட, உள்ளே இருந்த ஜனங்கள் சாயங்காலம் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். "அடங்கவே மாட்டாங்க" என்று வீடியோ எடுத்துப் போட்டார்கள் மாடி வீட்டுக்காரர்கள். எங்கிருந்து எடுத்தார்கள்? அவர்களுடைய மொட்டை மாடியில், காற்று வாங்கிக்கொண்டே.

இன்னொன்றும் கவனியுங்கள். முகாமை நாங்கள் எங்கே போட்டோம்? தெருவில். திறந்த வெளியில். ஏன்? அது எங்களுக்குப் பாதுகாப்பு. எங்கள் மருத்துவமனையில் காய்ச்சல் ஓபியைக் கட்டடத்திலிருந்து வெளியே ஷெட்டுக்கு மாற்றினோம். காத்திருக்க வேப்பமரத்தடியில் பெஞ்ச் போட்டோம். நர்ஸ் சிஸ்டர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வராந்தாவுக்குப் போனார்கள். சுகாதாரத் துறையில் இருந்த எல்லோருக்கும் வெளிக்காற்றின் அருமை உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது.

சரி, "அப்போ கோயம்பேடு?" என்று கேட்பீர்கள். கேட்கணும்.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கிளம்பிய தொற்று அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களுக்குப் போனது. ஆயிரக்கணக்கில் பாதிப்பு. திறந்த சந்தைதானே அது?

நள்ளிரவில் கோயம்பேட்டுக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும். கடைகளுக்கு நடுவே கூரை போட்ட குறுகலான நடை. தலையில் மூட்டையோடு ஆள் மேல் ஆள். ஏலம் கூவுகிற, விலை கத்துகிற வாய்கள். வேலை முடிந்ததும் லோடுமேன்கள் கடைக்குள்ளேயே நெருக்கிப் படுப்பது. இதற்கும் பீச்சில் குடும்பமாக நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கோயம்பேடு காட்டியது நெரிசலின் ஆபத்தை.

அந்த நெரிசல் எப்படி வந்தது என்பதையும் பார்க்கணும். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24 அன்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி சனிக்கிழமை. நான்கு நாளுக்குக் காய்கறி வேண்டுமே! ஊரே சந்தைக்கும் கடைக்கும் ஓடியது.

அதன் பிறகும் இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். ஞாயிறு முழு ஊரடங்கு என்றால் சனிக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கக் கூட்டம் அலைமோதும். 2021 மே மாதம் மளிகைக் கடை மதியம் 12 மணி வரை என்றார்கள். அப்புறம் அதையும் குறைத்துக் காலை 10 மணி வரை என்றார்கள். நாள் முழுக்கச் சிதறி வரவேண்டிய ஜனங்கள் நாலு மணி நேரத்துக்குள் வந்து நின்றார்கள். மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று சொல்லி, முந்தைய இரண்டு நாட்கள் எல்லாக் கடைகளையும் திறந்துவிட்டபோது என்ன ஆனது என்று நீங்களே பார்த்தீர்கள்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஆயிரம் பேர் வந்தே தீர வேண்டிய காரியம் என்றால், இடத்தைக் குறைத்தாலும் நேரத்தைக் குறைத்தாலும் ஒவ்வொருவருக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் குறையும்.

நல்லதும் நடந்தது. அதே 2020ல் ஈரோட்டில் காய்கறிச் சந்தையைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். திருச்சியில் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். பேருந்து ஓடவில்லை, இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே தள்ளித் தள்ளிக் கோடு போட்டுக் கடையை வை. யாரோ ஒரு அதிகாரி நின்று நிதானமாக யோசித்திருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் மிகச் சிறந்த பொது சுகாதார நடவடிக்கைகளில் இது ஒன்று. வென்டிலேட்டர் வாங்கியதற்குக் கிடைத்த கைதட்டலில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

பார்க்கும் பீச்சும் பூட்டிக் கிடந்ததால் வந்த பாதிப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாக வராது. என்னைப் போன்றவர்களின் ஓபியில் வரும். தினமும் முக்கால் மணி நேரம் நடந்து சுகரை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் மருந்து டோஸ் கூடி வந்தார்கள். முட்டிவலி என்று வந்த பெரியவர்களுக்குத் தொடைச் சதையே இளைத்திருந்தது. பிள்ளைகள் எடை ஏறி வந்தார்கள். "வீட்டுக்குள்ளயே நடக்கலாமே" என்று எழுதினார்கள். எட்டுக்குப் பத்து அறையில் எங்கே நடப்பது? சுவர்தான் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காற்றோட்டம் ஒரு வைத்தியம் என்று இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷன் பெயர் என்ன? சானடோரியம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928ல், டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே ஆரம்பித்த மருத்துவமனையின் பெயர்தான் அது. அதற்கு முன் இங்கிலாந்தில் இதேபோல் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். திறந்த வெளி, மரங்கள், நல்ல காற்று, சத்தான சாப்பாடு. அன்றைக்கு டாக்டர்கள் கையில் இருந்தது அவ்வளவுதான்.

பிறகு மருந்து வந்தது. காசநோயைக் குணமாக்குவது மருந்துதான், காற்று அல்ல. யாரும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பரவாமல் இருக்க இன்றும் நாங்கள் முதலில் சொல்வது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுத்த தொற்று வரும். எப்போது, எது என்று தெரியாது. அது மூச்சு வழியாகப் பரவுவதாக இருந்தால், முதல் சில வாரங்கள் குழப்பமாகத்தான் இருக்கும். அப்போது எல்லாவற்றையும் மூடினால் மூடட்டும். அதற்குப் பிறகு திறக்கிற வரிசையில் பார்க், பீச், விளையாட்டு மைதானம் மூன்றும் முதலில் வரவேண்டும். நேரத்தைக் குறைக்காமல் கூட்ட வேண்டும். காலை 5 முதல் 8 வரை என்று வைத்தால் எல்லோரும் 6 மணிக்கு வருவார்கள். ராத்திரி 10 வரை திறந்து வையுங்கள், தானாகச் சிதறுவார்கள். கூட்டம் சேர்வது கேட்டிலும் பார்க்கிங்கிலும் கடை வாசலிலும்தான், போலீஸ்காரர் அங்கே நிற்கட்டும். ஒற்றை அறை வீடுகள் இருக்கும் தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெருவை ஜனங்களுக்கு விட்டுவிடலாம். பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் திறந்துவிடலாம். தள்ளி உட்கார். முகத்துக்கு முகம் நெருங்கிக் கத்திப் பேசாதே. காய்ச்சல், இருமல் இருந்தால் பொது இடத்துக்கு வராதே. இதை மட்டும் மைக்கில் சொன்னால் போதும்.

நம் பங்குக்கும் ஒன்று. 2020 செப்டம்பரில் மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று வந்த பிறகு, ரோட்டில் தனியாக நடக்கும்போது மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டோம். ஆபீஸுக்குள் போனதும், ஏசியைப் போட்டு, கதவை மூடி, மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இதை அப்படியே தலைகீழாக மாற்றினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

எங்கள் ஏரியா பார்க்குக்கு நாலு கேட். அதில் மூன்றை 2020ல் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பூட்டினார்கள். இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டே துருப்பிடித்துவிட்டது. ஏன் என்று வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டால், "சாவி எங்கிட்ட இல்லீங்க மேடம்" என்கிறார். நடக்க வருகிறவர்கள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் ஏரியாவிலும் இப்படிப் பூட்டிய கேட் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க.